பழுதும் அமானிதமும்

சிறிய காரியங்களில்தான் மனிதனுடைய ஈமானின் நிறம் தெரியும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பெருநாள் தொழுகையில் முதல் வரிசையில் நிற்பதற்கு ஊரே சாட்சி. வீட்டின் பின்கட்டில் பழுதாகிக் கிடக்கும் ஒரு பொருளை என்ன செய்தோம் என்பதற்கோ இறைவனைத் தவிர வேறு சாட்சி இல்லை. அத்தகைய சிறிய காரியம் ஒன்றைப் பற்றியே இங்கு சிந்திக்க விழைகிறோம்.

எட்டயபுரத்தில் எங்கள் இல்லத்தில் ஒன்பது ஆண்டுகளாக உழைத்து வந்த சலவை இயந்திரம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நின்று போயிற்று. பார்க்க வந்த பணியாளர் மேல்மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, “போர்டு போயிருச்சு பாய். இதுக்குப் போடுற காசுல பாதிக்குப் புதுசே வந்துரும்” என்று சொல்லிப் போனார். அவர் சொன்ன கணக்கு சரியன்று. பழுது பார்க்கும் செலவுதான் புதியதன் விலையில் பாதியளவு இருந்தது. ஆனால் அவர் பேசிய உறுதியில் அந்தத் தவறு எங்களில் ஒருவர் காதிலும் விழவில்லை.

அன்று மாலையே வீட்டில் மூன்று கட்சிகள் உருவாயின. கோவில்பட்டிக்குப் போய் வட்டியில்லாத் தவணையில் புதியது வாங்கலாம் என்றான் மகன். ஓடிய பொருளைத் தூக்கி எறிவது பரக்கத்தைத் தூக்கி எறிவதாகும் என்றார் உம்மா. இரண்டு விதத்திலும் நியாயம் இருக்கிறது, பொறுத்துப் பார்ப்போம் என்று நாம் நடுநிலை பேசினோம். மறுநாள் விடியற்காலையில் கிணற்றடியில் துணி அடிக்கும் ஓசை கேட்டபோதுதான், அந்த வீட்டில் யாரிடம் முதலில் கேட்டிருக்க வேண்டுமோ அவரிடம் எவருமே கேட்கவில்லை என்பது நமக்கு உறைத்தது.

பழுது பார்ப்பதா, மாற்றுவதா என்பது வெறும் வரவு செலவுக் கணக்கா? அல்லது அதனுள் மார்க்கம் நம்மைக் கேட்கும் கேள்வி ஏதேனும் இருக்கிறதா? இதுவே நம் முன் உள்ள விசாரணை.

மீந்திருக்கும் பயன்

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டது. தம் காலணியைத் தாமே தைத்துக்கொள்வார்கள், ஆடையின் கிழிசலைத் தாமே ஒட்டுப் போடுவார்கள் என்ற கருத்தில் அன்னையார் விடையிறுத்ததாக ஹதீஸ் நூல்கள் அறிவிக்கின்றன. அரபு நாட்டின் பெரும்பகுதி தம் சொல்லுக்குக் கட்டுப்பட்டிருந்த காலத்திலும் பெருமானாரின் கரங்கள் இப்பணியை விடவில்லை. இதை எளிமைக்குச் சான்றாக மட்டுமே நாம் மேடைகளில் பேசி வருகிறோம். ஒரு பொருளிடத்தில் மனிதனுக்குள்ள கடமையும் இதில் அடங்கியிருக்கிறது என்பது நம் எண்ணம்.

அதைவிடத் தெளிவான ஒரு நிகழ்ச்சி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ளது. அன்னை மைமூனா (ரலி) அவர்களின் பணிப்பெண்ணுக்குத் தருமமாகக் கிடைத்த ஆடு ஒன்று செத்துக் கிடந்தது. அவ்வழியே சென்ற நாயகம் (ஸல்) அவர்கள், அதன் தோலை எடுத்துப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கக் கூடாதா என்று வினவினார்கள். அது செத்த பிராணி ஆயிற்றே என்றனர் அங்கிருந்தோர். உண்பதுதான் விலக்கப்பட்டுள்ளது என்று விளக்கம் தந்தார்கள் அண்ணலார்.

இதன் நுட்பத்தை எண்ணிப் பாருங்கள். ஆட்டின் முதற்பயன் போய்விட்டது; பாலும் இல்லை, இறைச்சியும் இல்லை. ஆனால் முதற்பயன் போனதனால் முழுப்பயனும் போய்விடவில்லை. மீந்திருக்கும் பயனை வெளிக்கொணர ஓர் உழைப்புத் தேவை. பதனிடுதல் என்பது அந்த உழைப்பு. எஞ்சிய பயனோடு மனித உழைப்பைச் சேர்த்து அதை மீண்டும் வாழ்வுக்குள் கொண்டுவருவதே பழுது பார்த்தல். பொருளைப் பாழாக்குவது இறைவனுக்கு வெறுப்பான மூன்றில் ஒன்று என முகீரா (ரலி) அவர்கள் வழியாக வந்துள்ள அறிவிப்பையும் இதனோடு சேர்த்துப் பார்த்தால், எறிவதற்கு முன் “இதில் இன்னும் என்ன மீந்திருக்கிறது?” என்று கேட்பது முஸ்லிமின் கடமை என்பது விளங்கும்.

திருமறையின் கஹ்ஃபு அத்தியாயத்தில் கிள்று (அலை) அவர்களின் வரலாற்றில் ஒரு படகு வருகிறது. கடலில் உழைத்துப் பிழைக்கும் ஏழைகளின் படகு அது. நல்ல படகுகளையெல்லாம் பறித்துக்கொள்ளும் மன்னன் ஒருவன் இருந்தமையால் அதில் ஒரு பழுதை உண்டாக்குகிறார்கள் கிள்று (அலை). பழுதுபட்ட படகு மன்னனுக்கு வேண்டாத பொருள். ஏழைக்கோ அது இன்னும் படகுதான். அதே வரலாற்றின் இறுதியில், சாயவிருந்த சுவர் ஒன்று நிமிர்த்தி நிறுத்தப்படுகிறது, கூலி கூடப் பெறாமல். அதை இடித்துப் புதுச்சுவர் எழுப்பியதாக வரலாறு சொல்லவில்லை. பழுது என்ற ஒன்றையே இருவர் இரு கண்ணால் பார்க்கின்றனர். நாம் எவர் கண்ணால் பார்க்கிறோம்?

தீக்குச்சியும் லைட்டரும்

அப்படியானால் புதியது வாங்குவதெல்லாம் பாவமா? இல்லை. அவ்வாறு சொல்வது மார்க்கத்தில் இல்லாத கடுமையை அதில் புகுத்துவதாகும்.

எங்கள் பக்கத்துக் கோவில்பட்டிக்குத் தீப்பெட்டியால் பெயர். தீக்குச்சியைப் போல ஒருமுறைக்கு மேல் பயன்படாத பொருள் உலகில் வேறு உண்டா? ஆயினும் தீக்குச்சியை வீண் என்பார் இல்லை. எரிவதற்கென்றே பிறந்தது அது. எரிந்து தன்னை முழுவதும் கொடுத்துவிட்டுக் கரியாய் முடிகிறது. அதனோடு போட்டிக்கு வந்ததே பிளாஸ்டிக் லைட்டர். உள்ளிருக்கும் எரிவாயு தீர்ந்ததும் இரும்புச் சக்கரமும், சுருள்வில்லும், பிளாஸ்டிக் கூடும் கெடாமல் இருக்கவே குப்பைக்குப் போகிறது. கரிசல் பூமியின் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடும் தீப்பெட்டித் தொழிலை அது நலிவித்தமையால், 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதியை 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மத்திய அரசு தடை செய்தது. அந்தத் தொழில் நியாயம் ஒருபுறமிருக்க, நமக்கு இதில் ஓர் அளவுகோல் கிடைக்கிறது. தீர்வதற்கென்று அமைந்த பொருள் தீர்ந்து போவது விரயம் அன்று. நிலைப்பதற்கென்று அமைந்த பொருளை ஓர் உறுப்பின் குறைக்காக முழுவதும் எறிவதே விரயம்.

புதுப்பித்தலுக்கும் நம் ஊரிலேயே நல்ல சான்று உண்டு. எட்டயபுரத்தில் அடங்கியிருக்கும் உமறுப் புலவரின் சீறாப்புராணம் ஓலையில் பிறந்தது. ஓலை நைந்தால் அதை ஒட்டுப் போட்டு எவ்வளவு நாள் காப்பது? புதிய ஓலையில் படியெடுப்பதே ஏட்டுச்சுவடிக்கு உயிர் கொடுக்கும் வழி. பின்னர், 1842இல் செய்கு அப்துல் காதிர் நெயினார் லெப்பை ஆலிம் அவர்கள் அதை அச்சேற்றினார்கள். ஓலை போயிற்று, சீறா நின்றது. ஆகவே மாற்றுதல் சில வேளைகளில் காப்பதன் மறுபெயராகும். எதைக் காக்க எதை மாற்றுகிறோம் என்பதே கேள்வி.

எது பழுது?

இந்தக் கேள்வியோடு சலவை இயந்திரத்திடம் திரும்புவோம். “மெஷின் போய்விட்டது” என்று நாம் சொல்வது பெரும்பாலும் பொய். போனது அதன் ஓர் உறுப்பு. தண்ணீர் வெளியேறவில்லை என்றால் சட்டைப் பையிலிருந்த நாணயமோ பித்தானோ வடிகட்டியில் சிக்கியிருக்கலாம். தண்ணீர் ஏறவில்லை என்றால் எங்கள் பகுதி ஆழ்குழாயின் உப்பு, நுழைவாய்ச் சல்லடையை அடைத்திருக்கலாம். மோட்டார் முனகிக்கொண்டு சுழலாமல் நின்றால் கண்டன்சர் கெட்டிருக்கலாம், பெல்ட் அறுந்திருக்கலாம். இவையெல்லாம் எளிய பழுதுகள். சுழலும்போது பேரிரைச்சல் வந்தால் பேரிங் தேய்ந்திருக்கும். அது நடுத்தரப் பழுது. மின்னணு போர்டு எரிந்தால்தான் செலவு பெருகும்; அதிலும் கைதேர்ந்தவர் கெட்ட ஒரு சில்லை மட்டும் மாற்றிச் சரிசெய்வது உண்டு.

ஆனால் எல்லாப் பொறுப்பையும் வீட்டுக்காரர் தலையில் ஏற்றுவதும் நீதியாகாது. சில இயந்திரங்களில் துணி சுழலும் தொட்டியின் வெளிக்கூட்டைப் பிரிக்க முடியாதபடி உருக்கி ஒட்டிவிடுகின்றனர். உள்ளிருக்கும் பேரிங் தேய்ந்தால் தொட்டி முழுவதையும் மாற்றவேண்டும். பழுது பார்க்க இயலாதபடி செய்யும் இந்த மனப்பான்மை புதிதன்று. 1924இல் உலகின் பெரிய மின்விளக்கு நிறுவனங்கள் கூடி, விளக்குகளின் ஆயுளை 1,000 மணி நேரத்திற்கு மேல் நீட்டக் கூடாதென்று தமக்குள் உடன்படிக்கை செய்துகொண்டு, மீறியவருக்குத் தண்டமும் விதித்தன. ஃபோபஸ் கூட்டமைப்பு என்று வரலாறு அதைக் குறிக்கிறது.

விற்கும் பொருளின் குறையை மறைப்பது கூடாதென்றும், விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறைகளை வெளிப்படுத்தினால் அவ்வியாபாரத்தில் பரக்கத் உண்டென்றும் நம் மார்க்கம் கற்பிக்கிறது. ஐந்தாண்டில் உதிரிபாகம் கிடைக்காது என்று தெரிந்தும் அதைச் சொல்லாமல் விற்பவர், ஈரத் தானியத்தை அடியில் வைத்து மேலே உலர்ந்ததைப் பரப்பிய மதீனத்துக் கடைக்காரரினின்றும் எவ்வாறு வேறுபடுகிறார்? இக்கேள்வி இன்று உலகின் சட்டமன்றங்களையும் எட்டியுள்ளது. சலவை இயந்திரத்தின் முக்கிய உதிரிபாகங்கள் அவ்வகையின் கடைசி இயந்திரம் சந்தைக்கு வந்த பின்னும் 10 ஆண்டுகள் கிடைக்கவேண்டும் என்ற விதி ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் நடப்புக்கு வந்தது. நம் நாட்டிலும் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ‘பழுது பார்க்கும் உரிமை’ குறித்து ஒரு குழுவை அமைத்து, அவ்வாண்டு டிசம்பரில் அதற்கென ஓர் இணையத் தளத்தையும் திறந்தது. வாங்கும்போதே “உதிரிபாகம் எத்தனை ஆண்டு கிடைக்கும்?” என்று கேட்கும் பழக்கம் நம்மிடையே வந்தால், சட்டம் செய்யாததையும் சந்தை செய்யும்.

யாருடைய பொறுமை?

இனி, நம் வாதத்துக்கு எதிராக எழும் மிகக் கனமான தடையைச் சந்திப்போம். சிக்கனம் நல்லதுதான், அது யாருடைய முதுகின் மீது நடக்கிறது?

உதிரிபாகம் வர இரண்டு வாரம் ஆகும் என்கிறார்கள். “பொறுப்போம்” என்று ஆண்மக்கள் முடிவு செய்கிறோம். அந்த இரண்டு வாரமும் போர்வைகளையும், முதியவரின் படுக்கை விரிப்புகளையும், பிள்ளைகளின் பள்ளிச் சீருடைகளையும் துவைப்பது யார்? மழை பெய்தால் வழுக்கும், பொய்த்தால் வெடிக்கும் இக்கரிசல் மண்ணில் சிறுவர் துணியில் ஏறிய கறுப்புக் களியை நீக்கத் தோளொடியத் தேய்க்க வேண்டும். தண்ணீரோ அளந்து வருவது. நாம் இறைவனுக்காகச் சிக்கனம் செய்கிறோம் என்று எண்ணிக்கொண்டிருக்கையில், அதற்கான விலையை இன்னொருவர் தம் முதுகுத்தண்டால் செலுத்திக்கொண்டிருக்கிறார். தீங்கிழைப்பதும் இல்லை, தீங்குக்குத் தீங்கும் இல்லை என்பது ஷரீஅத்தின் அடிப்படை விதிகளுள் ஒன்று. தன் பொருளைக் காக்கத் தன் துணைவியின் உடலைத் தேயவிடுபவர், குறைந்த அமானிதத்தைக் காத்துப் பெரிய அமானிதத்தைப் பாழாக்குகிறார்.

ஆகவே, மூட்டு வலியால் வருந்தும் பெண்ணொருவரின் வீட்டில் அடிக்கடி நின்று நின்று ஓடும் இயந்திரத்தை மாற்றுவது ஆடம்பரம் அன்று. அது கடமையாகவும் ஆகலாம். கெட்டுப்போன வால்வினால் குடம் குடமாய்த் தண்ணீரை வீணாக்கும் பழைய இயந்திரத்தை “ஓடுகிறதே” என்று வைத்துக்கொள்வதும் ஒருவகை இஸ்ராஃப்தான். செலவழிக்கையில் வரம்பு மீறாமலும் கஞ்சத்தனம் செய்யாமலும் இரண்டுக்கும் நடுவே நிற்பவரையே திருமறையின் ஃபுர்கான் அத்தியாயம் (25:67) ரஹ்மானின் அடியார் என்று புகழ்கிறது. வீண்செலவை மட்டும் கண்டித்துக் கஞ்சத்தனத்துக்குச் சிக்கனம் என்று பெயர் சூட்டுவது பாதி மார்க்கம்.

ஆனால் இதிலும் ஒரு சோதனை உண்டு. காலணியைத் தைத்த நாயகம் (ஸல்) அவர்கள் தம் கையால் தைத்தார்கள். வீட்டாரைத் தைக்கச் சொல்லிவிட்டுப் பொறுமையின் சிறப்பைப் போதிக்கவில்லை. பழுது பார்க்கக் காத்திருப்போம் என்று முடிவு செய்பவர், காத்திருக்கும் நாள்வரை துவைக்கும் கல்லருகே தாமும் நிற்கவேண்டும். அப்போதுதான் அவர் முடிவு முடிவாகும். இல்லையேல் அது உத்தரவு.

வட்டியும் கழிவும்

மகன் சொன்ன ‘வட்டியில்லாத் தவணை’யையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ரொக்கத்துக்கு ஒரு விலையும் கடனுக்கு ஒரு விலையும் வைத்து, பேசும்போதே ஒன்றை உறுதி செய்து விற்பதைப் பெரும்பாலான இமாம்கள் அனுமதித்துள்ளனர். அது கடைக்காரருக்கும் நமக்கும் இடையிலான வியாபாரம். இடையில் கடன் நிறுவனம் ஒன்று புகுந்து பணத்தைக் கொடுத்து, அதன் ஆதாயத்தைச் செயலாக்கக் கட்டணம் என்ற பெயரிலோ, இழக்கும் தள்ளுபடியாகவோ நம்மிடம் வசூலித்தால் அதன் பெயர் வேறு. பூஜ்ய வட்டி என்ற ஒன்று உண்மையில் இல்லை, வட்டியே கட்டணமாக மறைக்கப்படுகிறது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரில் வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியதும் நினைவிருக்கட்டும். மாற்றுவது கூடும் என்பதனால் எவ்வழியிலும் மாற்றலாம் என்றாகிவிடாது. கையில் பணமில்லாத நிலையில், பழுது பார்த்த பழைய இயந்திரம் வட்டியிலிருந்து காக்கும் கேடயமாகவும் ஆகிறது.

அடுத்து, மாற்றிய பின் பழையது எங்கே போகிறது? பழைய பொருட்களைக் கொள்ளும் கடைக்குக் ‘காயலான் கடை’ என்று பெயர் வந்தது காயல்பட்டினத்து வணிகரால் என்பது வழிவழி வரும் பேச்சு. ஈயம் பூசுவது, குடை தைப்பது, பூட்டுக்குச் சாவி அமைப்பது எனப் பழையதற்கு உயிரூட்டும் தொழில்களிலும் நம்மவர் பலர் இருந்தனர். பழையது எல்லாம் அவர்கள் கையில் மறுபிறவி எடுத்தது. இன்றோ 2022 என்ற ஒரே ஆண்டில் உலகம் எறிந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 இலட்சம் டன் என்றும், அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு என்றும் ஐக்கிய நாடுகளின் அறிக்கை சொல்கிறது. எஞ்சியதன் ஒரு பகுதி ஏழைச் சிறுவர் செம்புக்காகக் கம்பியை எரிக்கும் புகையாகிறது. நம் நாட்டில் 2023 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள மின்னணுக் கழிவு விதிகள், தயாரித்தவரையே மறுசுழற்சிக்குப் பொறுப்பாக்கியுள்ளன. அவ்வழியில் ஒப்படைப்பது நம் கடமை.

பழையதை விற்பதானால் குறையைச் சொல்லி விற்க வேண்டும். வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு, “எடுத்துக்கொள்ளம்மா” என்று ஓடாத இயந்திரத்தைக் கொடுத்துவிட்டு அதை சதக்காவில் எழுதிக்கொள்வோரும் உண்டு. நாமே கண்ணை மூடிக்கொண்டாலன்றி வாங்கிக்கொள்ளாத மட்டமானதைத் தருமமாகக் கொடுக்க நாடாதீர்கள் என்ற கருத்தில் பகரா அத்தியாயம் (2:267) எச்சரிக்கிறது. கொடுப்பதானால் பழுது நீக்கிக் கொடுப்போம்.

எங்கள் வீட்டுத் தீர்ப்பு

செலவு புதியதன் விலையில் பாதியைத் தாண்டினால் மாற்றிவிடு என்று சந்தையில் ஒரு வாய்ப்பாடு சொல்வார்கள். அது பணப்பையை மட்டும் கேட்டுச் சொல்லும் தீர்ப்பு. அதற்கு முன்னே கேட்கவேண்டியவை நான்கு: பழுது எந்த உறுப்பில்? அதன் சுமையை யார் சுமக்கிறார்? பணம் எவ்வழியில் வருகிறது? பழையது எவ்விடம் போகிறது? இந்நான்குக்கும் நேர்மையாக விடை கூறிய பின் பழுது பார்த்தாலும் சரி, மாற்றினாலும் சரி, அதில் குற்றமில்லை என்பதே நாம் கண்ட முடிவு.

எங்கள் வீட்டில் முதலில் வீட்டுக்காரியைக் கேட்டோம். “இன்னொருத்தரைக் கூப்பிட்டுக் காட்டுங்க. ஆனா அதுவரைக்கும் போர்வையை நீங்களும் பையனும் துவைங்க” என்பதே அவர் தீர்ப்பு. பஜாரிலிருந்து வந்த வயதான மெக்கானிக் ஒருவர் போர்டைக் கையில் எடுத்து விளக்கில் காட்டினார். எறும்பு புகுந்து ஓர் இணைப்பு அரிக்கப்பட்டிருந்தது. அதைத் துடைத்துப் பற்றவைத்து, தேய்ந்திருந்த பேரிங்கையும் மாற்றினார். முதலில் சொல்லப்பட்டதில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. “ரெண்டு வருஷம் ஓடும் பாய். அதுக்கு மேல ஓடினா அது அல்லா கொடுத்தது, நான் கொடுத்தது இல்ல” என்று அந்தச் சகோதர சமயத்தவர் சொன்னபோது, விற்பவரிடம் நாம் எதிர்பார்த்த உண்மை அவருடைய பேச்சில் இருக்கக் கண்டோம். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்தனுப்பினோம்.

பேரிங் வர ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் ஈரப் போர்வையின் கனம் எவ்வளவென்று நம் தோள்கள் கற்றன. மகனும் கற்றான், அதன்பின் அவன் சட்டைப் பையில் நாணயத்தை விட்டுவைப்பதில்லை. இயந்திரம் இப்போது ஓடுகிறது. அடுத்த முறை நின்றால் ஒருவேளை மாற்றவே செய்வோம். அதற்கென மாதாமாதம் சிறுதொகை சேர்த்து வருகிறோம், தவணைக்காரர் வாசலுக்கு வராமல் இருப்பதற்காக.

கரிசல் மண்ணில் கட்டிய வீடு மழைக்கு ஒருமுறை, கோடைக்கு ஒருமுறை விரிசல் விடும். அதற்காக எவரும் வீட்டை இடிப்பதில்லை. விரிசலைப் பூசி வாழ்கின்றனர். இடிந்து விழும் சுவரின் கீழ்ப் பிள்ளைகளைப் படுக்கவைப்பதும் இல்லை. எது பூசத்தக்க விரிசல், எது இடிக்கத்தக்க சுவர் என்று பகுத்தறியும் தெளிவையே நாம் வேண்டுகிறோம். அனுபவித்த அருட்கொடைகளைப் பற்றி ஒருநாள் நிச்சயமாகக் கேட்கப்படுவோம் என்று திருமறை அறிவித்துவிட்டது. அந்நாளில் நம் வீட்டுப் பின்கட்டுப் பொருட்களும், அவற்றோடு உழைத்த கரங்களும் நமக்கு எதிராகப் பேசாதிருக்க வல்ல நாயன் அருள்புரிவானாக! ஆமீன்.